இரண்டு ஊசியில் ஒரு குட்டி ஆக்டோபஸ்: முதல்முறை பின்னுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பின்னல் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களிடம் "முதலில் ஒரு மஃப்ளர் பின்னிப் பாருங்கள்" என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மஃப்ளர் நீளமானது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். பாதிக்கு மேல் சலித்துப்போய் ஊசியோடு சேர்த்துப் பைக்குள் போய்விடும். முதல் பின்னல் சீக்கிரம் முடிய வேண்டும், முடிந்ததும் கையில் எடுத்துக் கொஞ்சத் தோன்ற வேண்டும். அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் ஆக்டோபஸில்தான் தொடங்குவேன்.

உடலுக்கு மொத்தம் 31 வரிசை. கை ஒன்றுக்கு ஒரே ஒரு வரிசை. இதற்குள் கண்ணி ஏற்றுவது, கூட்டுவது, குறைப்பது, முடிப்பது, இணைத்துத் தைப்பது என்று பின்னலின் அடிப்படை வேலைகள் அத்தனையும் வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தட்டையான துணி எப்படி உருண்டையாகிறது, எப்படிச் சுருள்கிறது என்பதெல்லாம் கண்ணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது இதில் கண்ணெதிரே தெரியும். அது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு மீன், திமிங்கலம், ஆமை எதையும் நீங்களே கணக்குப் போட்டுப் பின்னலாம்.

பின்னி முடித்தால் உடல் ஏறத்தாழ 7 செ.மீ. உயரம் இருக்கும். கைகள் கீழே சுருண்டு தொங்கும். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்தால் நான்கைந்து நாளில் முடிக்கலாம்.

என்னென்ன வேண்டும்

நூல்: லேபிளில் டிகே அல்லது 8 பிளை என்று போட்டிருக்கும் நடுத்தரத் தடிமனான நூல். 50 கிராம் உருண்டையில் பாதிகூடச் செலவாகாது. முதல்முறைக்கு அக்ரிலிக் நூல் நல்லது. அவிழ்த்து மறுபடி பின்னினாலும் தாங்கும், துவைக்கவும் எளிது. மொசுமொசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களிலும் இதே சிரமம்தான். வெளிர்நிறமாக, வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும் நூலாகப் பாருங்கள். மற்றபடி எந்த நிறமும் எடுக்கலாம். உண்மையான ஆக்டோபஸ் இருக்கும் இடத்துக்கேற்ப நொடியில் நிறம் மாற்றிக்கொள்ளும் உயிரினம், ஆகவே அதற்குப் பொருந்தாத நிறம் என்று ஒன்று கிடையாது.

ஊசி: 3.25 மி.மீ. பின்னல் ஊசி ஒரு ஜோடி. நூலின் லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருந்தாலும் இதையே எடுங்கள். லேபிளில் இருப்பது உடுப்புக்கான அளவு. உடுப்புக்குத் துணி தளர்வாக விழ வேண்டும். பொம்மைக்கு அப்படியில்லை, உள்ளே அடைக்கும் பஞ்சு வெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். மூங்கில் அல்லது மர ஊசி கிடைத்தால் நல்லது. உலோக ஊசியில் கண்ணி சட்டென்று வழுக்கி விழும்.

இவை தவிர, கம்பளி தைக்கும் மொட்டை முனை ஊசி ஒன்று, கத்தரி, அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சு, கண்ணுக்கு வெள்ளையிலும் கறுப்பிலும் கொஞ்சம் நூல், சில குண்டூசிகள். பஞ்சு தனியாகக் கிடைக்காவிட்டால் பழைய தலையணையில் இருக்கும் பாலியஸ்டர் பஞ்சைப் பிரித்துப் பயன்படுத்தலாம். இலவம்பஞ்சு வேண்டாம். துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும்.

கையில் காகிதமும் பென்சிலும் இருக்கட்டும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு கோடு போடுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது வரிசை எண்ணத் தடுமாறியிருப்பார்கள்.

கைக்குப் பழக வேண்டிய அசைவுகள்

ஊசியில் தொங்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று சொல்கிறேன். கண்ணிகள் இருக்கும் ஊசி இடது கையில், வெற்று ஊசி வலது கையில். எல்லாக் கண்ணிகளும் வலது ஊசிக்கு வந்துவிட்டால் ஒரு வரிசை முடிந்தது, ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு அடுத்த வரிசையைத் தொடங்க வேண்டும். இடது கைக்காரர்களும் முதலில் இப்படியே முயன்று பாருங்கள். பின்னலில் இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் பலருக்கு இது சிரமமாக இருப்பதில்லை.

முதலில் நிட். இதில் நான்கு அசைவு: நுழை, சுற்று, இழு, விடு. நூல் பின்பக்கம் இருக்கட்டும். வலது ஊசியின் முனையை முதல் கண்ணிக்குள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நுழையுங்கள். இப்போது இரண்டு ஊசிகளும் பெருக்கல் குறிபோல் நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும். அதன் முனையில் நூலைக் கீழிருந்து மேலாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய நூலோடு முனையைக் கண்ணி வழியாக முன்பக்கம் இழுங்கள். வலது ஊசியில் புதுக் கண்ணி வந்துவிட்டது. பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். அவ்வளவுதான். ஆரம்பத்தில் வாய்விட்டே சொல்லிக்கொண்டு செய்யுங்கள். இருபது முப்பது கண்ணி போனதும் வாய் தானாக நின்றுவிடும், கை போய்க்கொண்டிருக்கும்.

பர்ல் என்பது நிட்டையே மறுபக்கத்திலிருந்து செய்வது. நூலை முன்பக்கம் கொண்டுவாருங்கள். வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக நுழையுங்கள். இந்தமுறை வலது ஊசி முன்னால் நிற்கும். நூலைச் சுற்றி, பின்பக்கமாகத் தள்ளி, பழைய கண்ணியை விடுங்கள். ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று மாறி மாறிப் பின்னினால் ஒருபக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்துகள் அடுக்கியதுபோல் வழவழப்பாக வரும். அது நல்ல பக்கம். மறுபக்கம் மேடு மேடாக இருக்கும். அது உள்பக்கம்.

கண்ணி ஏற்றுவதை காஸ்ட் ஆன் என்பார்கள். இதற்குப் பல முறைகள் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது நிட் அசைவையே பயன்படுத்தும் முறை, தனியாக இன்னொன்றைக் கற்க வேண்டியதில்லை. நூலில் ஒரு நழுவு முடிச்சு, அதாவது இழுத்தால் சுருங்கும் வளையம், போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அதுவே முதல் கண்ணி. அதற்குள் நிட் செய்யுங்கள், ஆனால் பழைய கண்ணியை விடாதீர்கள். வலது ஊசியில் வந்த புதுக் கண்ணியை எடுத்து இடது ஊசியிலேயே மாட்டுங்கள். இப்போது இரண்டு கண்ணி. அந்தப் புதுக் கண்ணிக்குள் மறுபடி அதேபோல். வேண்டிய எண்ணிக்கை வரும்வரை தொடரலாம்.

கூட்டுவது: ஒரு கண்ணியை இரண்டாக்குவது. கண்ணியின் முன்கால் (ஊசிக்கு முன்னால் இருக்கும் பாதி; பின்னால் இருப்பது பின்கால்) வழியாக நிட் செய்யுங்கள், பழையதை விடாதீர்கள். வலது ஊசியை அப்படியே பின்னால் கொண்டுபோய் அதே கண்ணியின் பின்கால் வழியாக இன்னொருமுறை நிட் செய்து, பிறகு விடுங்கள். கூட்டிய இடத்தில் சின்னதாக ஒரு கோடு விழும். பிழையில்லை அது, பின்னால் எண்ணிப் பார்க்க உதவும்.

குறைப்பது: இரண்டு கண்ணிகளுக்குள் ஒரேயடியாக ஊசியை நுழைத்து, ஒன்றாகப் பாவித்து நிட் செய்வது.

பொம்மைக்குப் போகுமுன் 15 கண்ணி ஏற்றி, பத்து வரிசை நிட் மட்டும், பிறகு பத்து வரிசை நிட்டும் பர்லும் மாறி மாறிப் பின்னிப் பாருங்கள். இரண்டாவது பகுதியின் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். பயப்பட வேண்டாம், அந்தப் பின்னலின் இயல்பு அது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாக இழுங்கள். பெரிய ஓட்டைகள் தெரிந்தால் 3 மி.மீ. ஊசிக்கு இறங்குங்கள். ஊசியை நுழைக்கவே முடியாத அளவு இறுக்கமாக இருந்தால், ஒவ்வொரு கண்ணியையும் முடித்துவிட்டு நூலை இழுத்து இறுக்கும் பழக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இழுப்பை விடுங்கள். கண்ணியின் அளவை ஊசியின் தடிமனே பார்த்துக்கொள்ளும்.

உடல்: அடியிலிருந்து உச்சிவரை

நூலின் முனையில் 30 செ.மீ. தொங்கவிட்டு (இப்படித் தொங்கும் நூலை வால் என்று சொல்கிறேன்) 10 கண்ணி ஏற்றுங்கள்.

வரிசை 1: ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டுங்கள். 20 கண்ணி.
வரிசை 2: முழுவதும் பர்ல்.
வரிசை 3: 1 நிட், அடுத்ததில் கூட்டு, இதையே 10 முறை. 30 கண்ணி.
வரிசை 4: பர்ல்.
வரிசை 5: 2 நிட், அடுத்ததில் கூட்டு, 10 முறை. 40 கண்ணி.
வரிசை 6: பர்ல்.
வரிசை 7 முதல் 26 வரை: ஒற்றைப்படை வரிசைகள் நிட், இரட்டைப்படை வரிசைகள் பர்ல். கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லை.
வரிசை 27: 2 நிட், அடுத்த இரண்டை ஒன்றாக, 10 முறை. 30 கண்ணி.
வரிசை 28: பர்ல்.
வரிசை 29: 1 நிட், அடுத்த இரண்டை ஒன்றாக, 10 முறை. 20 கண்ணி.
வரிசை 30: பர்ல்.
வரிசை 31: இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். 10 கண்ணி.

40 செ.மீ. வால் விட்டு நூலை வெட்டுங்கள். வாலை மொட்டை ஊசியில் கோத்து, நூல் தொங்கும் கண்ணிக்கு எதிர்முனையில் இருக்கும் கண்ணியிலிருந்து தொடங்கிப் பத்துக் கண்ணிகளுக்குள்ளும் வரிசையாக நுழைத்து, பின்னல் ஊசியை உருவிவிடுங்கள். இன்னும் இறுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 10, 20, 30, 40 என்று ஒவ்வொரு முறையும் பத்துப் பத்தாகக் கூடுகிறது. நடுவில் 20 வரிசை மாறாமல் நிற்கிறது. பிறகு அதே படிகளில் இறங்குகிறது. கூடும் இடத்தில் துணி விரிகிறது, நிற்கும் இடத்தில் குழாய்போல் நேராகப் போகிறது, குறையும் இடத்தில் குவிகிறது. நடுவிலுள்ள 20 வரிசையை 12 ஆக்கினால் பந்துபோல் வரும், 30 ஆக்கினால் கத்தரிக்காய்போல் நீளும். உங்களுக்குப் பிடித்த ஆக்டோபஸ் எதுவோ அதைப் பின்னலாம்.

எண்ணிக்கை தப்பினால்

கூட்டும் வரிசை, குறைக்கும் வரிசை ஒவ்வொன்றும் முடிந்ததும் கண்ணிகளை எண்ணுங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்தில்தான் தவறியிருக்கும். நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்பக்கம் போயிருந்தால் முதல் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு தனிக் கண்ணிகள்போல் தெரியும். அந்த இரண்டையும் பின்னினால் ஒன்று கூடிவிடும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலைக் கீழே இழுத்துவிட்டுப் பாருங்கள், முதல் கண்ணி ஒன்றாகத் தெரியும்.

ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. அது வரிசை வரிசையாகக் கீழே இறங்கி ஏணிபோல் தெரியும். கொக்கி முனையுள்ள குரோஷா ஊசி ஒன்று இருந்தால், நல்ல பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, விழுந்த கண்ணிக்குள் அதை நுழைத்து, மேலே உள்ள ஏணிப்படியைக் கொக்கியில் மாட்டிக் கண்ணி வழியாக இழுங்கள். படி படியாக மேலே வந்து ஊசியில் ஏற்றிவிடலாம்.

வேலையை ஒரு வரிசையின் நடுவில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குழம்பும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. ஆனாலும் வரிசையை முடித்துவிட்டு எழுவதே நல்லது.

எட்டுக் கைகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 15 செ.மீ. வால் விட்டு 25 கண்ணி ஏற்றுங்கள். அடுத்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டுங்கள். 50 ஆகும். ஊசியில் நெரிசலாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்கடுத்து முடித்துவிடுங்கள்.

முடிப்பதை காஸ்ட் ஆஃப் என்பார்கள். இரண்டு கண்ணி நிட் செய்யுங்கள். வலது ஊசியில் முதலில் வந்த கண்ணியை, இரண்டாவது கண்ணிக்கு மேலாகத் தூக்கிக் கீழே போடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்றை நிட் செய்து, மறுபடி முந்தையதைத் தூக்கிப் போடுங்கள். கடைசியில் மிஞ்சும் ஒரு கண்ணிக்குள் வெட்டிய நூலை நுழைத்து இழுத்தால் முடிந்தது. இதை இறுக்கமாகச் செய்யாதீர்கள். ஒரு ஓரத்தில் 25 கண்ணி, மறு ஓரத்தில் 50. இரண்டு மடங்கு நீளம் அதே இடத்துக்குள் அடங்க வேண்டும், வேறு வழியில்லாமல் துணி திருகித் திருகிச் சுருளாகிறது. முடிக்கும் ஓரத்தை இறுக்கினால் அந்தக் கூடுதல் நீளம் போய்விடும், கை சுருளாமல் நாடாபோல் கிடக்கும். ஊசியை விட்டு எடுத்ததும் சுருள் சரியாக வராவிட்டால் விரலில் சுற்றித் திருகிவிடுங்கள், நிலைத்துவிடும்.

இப்படி எட்டு. ஐந்தாவது கைக்கு வரும்போது கொஞ்சம் அலுப்புத் தட்டும். ஒரே நாளில் எட்டையும் முடிக்க நினைக்காமல் நாளுக்கு இரண்டு மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கையையும் எட்டாவது கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எட்டாவது எவ்வளவு சீராக வந்திருக்கிறது என்று தெரியும். முதல் கையை அவிழ்க்காதீர்கள், பின்பக்கம் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

கண், தையல், பஞ்சு

கண்ணைத் துணி தட்டையாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். முடிச்சுகள் உள்பக்கம் மறைந்துவிடும். எங்கே போடுவது? பலரும் உருண்டையின் நடுவில் போடுவார்கள். ஆக்டோபஸில் நாம் தலை என்று நினைக்கும் அந்த உருண்டைதான் உண்மையில் அதன் உடல். உள்ளுறுப்புகள் எல்லாம், மூன்று இதயங்கள் உட்பட, அதற்குள்தான் இருக்கின்றன. கண்கள் கைகளுக்குச் சற்று மேலே, தாழ்வாக இருக்கும். அதனால் நாமும் தாழ்த்திப் போடுவோம். அப்படிப் போட்டால் பொம்மையின் முகத்திலும் ஒரு குழந்தைத்தனம் வந்துவிடுகிறது.

நல்ல பக்கத்தில் அடியிலிருந்து 11 முதல் 14 வரையான வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் பின்புறம் வரப்போவதால் முகத்தின் நடு 20-ஆவது, 21-ஆவது கண்ணிகளுக்கு இடையில் விழும். ஆகவே 15 முதல் 17 வரையான கண்ணிகள் மேல் ஒரு கண், 24 முதல் 26 வரை இன்னொன்று. வெள்ளை நூலால் நெருக்கமாக நிரப்பித் தையுங்கள். அதன் நடுவில் கறுப்பு நூலால் படுக்கைவாட்டில் ஒரு தடித்த கோடு. ஆக்டோபஸின் பாவை வட்டமாக இருக்காது, கிடைமட்டக் கோடாக இருக்கும். உடல் எப்படிச் சாய்ந்தாலும் அந்தக் கோடு தரைக்கு இணையாகவே நிற்குமாம் என்று படித்தபோது, வட்டக் கண் போடுவதையே நிறுத்திவிட்டேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் பொத்தானோ பிளாஸ்டிக் கண்ணோ வேண்டவே வேண்டாம். பிய்த்து விழுங்கிவிடும். நூல் கண் போதும்.

இப்போது உச்சியில் கோத்து வைத்த நூலை இறுக்கி இழுங்கள். பத்துக் கண்ணியும் ஒரு புள்ளியில் குவியும். இன்னொருமுறை அதே கண்ணிகள் வழியாக நூலை ஓட்டி முடிச்சிடுங்கள். அதே நூலால் பின்தையலைத் தொடங்கலாம். நல்ல பக்கம் வெளியே இருக்க, இரண்டு ஓரங்களையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஓரத்துக் கண்ணிக்கும் அதற்கடுத்த கண்ணிக்கும் நடுவில், இழுத்துப் பார்த்தால், சின்னக் குறுக்குக் கம்பிகள் தெரியும். இடப்பக்கம் ஒரு கம்பி, வலப்பக்கம் ஒரு கம்பி என்று மாறி மாறி ஊசியில் எடுத்துக்கொண்டே போய், ஐந்தாறு எடுத்ததும் நூலை மெல்ல இழுங்கள். இரண்டு ஓரங்களும் உள்ளே மடிந்து தையல் காணாமல் போகும். ஒவ்வொரு முறை இதைச் செய்யும்போதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அடியில் 4 செ.மீ. மீதம் வைத்து நிறுத்திப் பஞ்சு அடையுங்கள். பஞ்சை மொத்தையாகத் திணிக்காமல் விரலால் பிய்த்து உதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக, உச்சியை முதலில் நிரப்பி, பிறகு பக்கங்களை. நான் பின்னிய முதல் ஆக்டோபஸுக்குப் பஞ்சு போதுமென்று நினைத்துத் தைத்து மூடிவிட்டேன். ஒரு வாரத்தில் தலை சரிந்து ஒருபக்கம் குழிவிழுந்துவிட்டது. பஞ்சு நாளாக நாளாக அமுங்கும், அதனால் போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் இரண்டு பிடி வையுங்கள். ஆனால் கண்ணிகள் விரிந்து இடைவெளி தெரிய ஆரம்பித்தால் நிறுத்த வேண்டும். மீதியைத் தைத்துவிட்டு, காஸ்ட் ஆன் வாலை அடியிலுள்ள பத்துக் கண்ணிகளின் ஓரத்தில் ஓட்டி இறுக்கி, வட்டத்தை மூடுங்கள். மிஞ்சும் நூல்களை உடலுக்குள் ஊசியால் ஊடுருவிச் செலுத்தி, வெளிவரும் இடத்தில் ஒட்ட வெட்டிவிடலாம்.

கைகளைப் பொருத்துதல்

அடிப்பகுதி விரிந்து 40 கண்ணியானது 5-ஆம் வரிசையில். அந்த வட்டத்தில்தான் கைகள் வர வேண்டும். 40-ஐ எட்டால் வகுத்தால் 5, ஆக ஐந்து கண்ணிக்கு ஒரு கை. முதலில் முன், பின், இடம், வலம் என நான்கை மட்டும் குண்டூசியால் குத்துங்கள். பிறகு ஒவ்வோர் இடைவெளியிலும் ஒன்று. நிமிர்த்தி உட்காரவைத்துப் பார்த்து, சரி என்று பட்டால் தையுங்கள். கை ஒவ்வொன்றிலும் காஸ்ட் ஆன் வால் இருக்கும் முனையை உடலோடு சேர்த்து, அந்த வாலாலேயே நான்கைந்து தையல் அழுத்தமாகப் போடுங்கள். குழந்தைகள் ஆக்டோபஸைக் கையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். மறுமுனையில் இருக்கும் வாலைச் சுருளுக்குள்ளேயே ஓட்டி மறைத்துவிடுங்கள். குத்திய குண்டூசிகளை எண்ணி எடுங்கள், ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

கைக்குழந்தைக்குக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் டென்மார்க்கில் தன்னார்வலர்கள் குறைமாதக் குழந்தைகளுக்காகப் பருத்தி நூலில் குட்டி ஆக்டோபஸ்களைப் பின்னத் தொடங்கினார்கள். அவை குரோஷாவில் நெருக்கமாகப் பின்னப்பட்டவை. இழுத்து நீட்டினாலும் கை 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. நம்முடைய கை அதைவிடக் குட்டைதான், ஆனாலும் இது தொட்டிலில் போடும் பொம்மை இல்லை. விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாடக் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்பினால் எந்த நூல், என்ன அளவு என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு பின்னுங்கள்.

அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, பொம்மையை அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஒரு துண்டில் சுற்றி அழுத்தினால் தண்ணீர் பெரும்பாலும் போய்விடும். பிறகு காற்றாடும் நிழலில், உள்பஞ்சு நன்றாகக் காயும்வரை வையுங்கள். ஈரத்தில் கைகள் சற்று நீண்டு தொங்கும். காய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை விரலில் சுற்றிவிட்டால் சுருள் திரும்பிவிடும்.